பொது இடத்துப் புடலங்காய்

வைரமணி கார்டன்ஸ் என்று பெயரை மட்டும் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கறிவேப்பிலைச் செடிக்குக்கூட இடம் கொடுக்காத எங்கள் அடுக்ககத்தில், ஐந்தாவது மாடித் துளசிமணியக்காவின் பால்கனியில் காய்த்த ஒரே ஒரு புடலங்காய், கல் கட்டிவிட்ட மறுநாள் நான்காவது மாடிக்கு இறங்கியது, அதற்கடுத்த நாள் மூன்றாவது மாடிக்கு இறங்கியது, பிறகு இரண்டாவது மாடியில் என் பால்கனி முன்னால் வந்து நின்று காற்றில் லேசாக ஆடியது என்று நான் சொன்னால், ஒரு காய் எப்படி அவ்வளவு நீளம் வளரும் என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் அதைக் கேட்கவில்லை. அதில் யாருக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் கதையைக் காயிலிருந்து தொடங்கக் கூடாது, இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பி பிளாக்குக்குப் பின்னால், சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. சும்மா என்றால், எல்லா மாடிக்காரர்களும் பின்பக்கப் பால்கனியில் நின்றபடி கீழே எதை வேண்டுமானாலும் போடுவதற்காகக் கிடந்தது. சீப்பிலிருந்து உருவிய முடிச்சுருள், வெட்டிய நகம், குழந்தைகளின் அழுக்கு நாப்கின், சுத்த சைவம் என்று வாசலில் கோலம் போட்டுச் சொல்லிக்கொள்கிற வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுகிற மீன் முள், இதெல்லாம் மழையில் ஊறி வெயிலில் காய்ந்து மறுபடி ஊறி, அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்த வேகத்திலேயே மூட வைக்கும். அப்போது அது பொது இடம் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

துளசிமணியக்கா அந்த இடத்தில் இறங்கியது தோட்டம் போடுவதற்காக அல்ல, நாற்றம் தாங்க முடியாமல்தான். அவள் வீட்டுக்காரர் ரங்கசாமியண்ணன் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். கைகால் போனது ஒரு பக்கம்தான், ஆனால் வாயை முழுவதுமாக மூடிக்கொண்டார். விழுங்க முடியும், மனசு வைக்க மாட்டேன் என்கிறார் என்று டாக்டர் சொல்லி, மூக்கு வழியாக டியூபைச் சொருகி அனுப்பிவிட்டார். பின்பக்கப் பால்கனியில் காற்றாட அவரை உட்கார வைத்தால் கீழிருந்து நாற்றம் ஏறியது. அக்கா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள், எங்கள் எல்லார் வீட்டு அசிங்கத்தையும் கையால் அள்ளிக் கொட்டினாள், வெறும் மண்ணைப் பார்த்ததும் சும்மா விட மனசில்லாமல் கத்திரியும் அவரையும் வெண்டையும் ஊன்றி வைத்தாள். செடி வந்தது, பூ வந்தது, பிஞ்சு வந்தது. ஒரு காலையில் முதல் கத்திரிக்காயைப் பறித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து மேலே பார்த்தபோது, ஐந்தாவது மாடியில் கம்பிக்குப் பின்னால் ரங்கசாமியண்ணன் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

அவர் விவசாயக் குடும்பமோ என்று நினைத்துவிடாதீர்கள். பீளமேட்டில் லேத் பட்டறையில் இரும்புத் துருவலோடு வாழ்ந்த மனுசன், ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினவர் இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தன் கண் முன்னால் முளைத்துக் காய்த்ததைக் கண் முன்னால் பறித்தால் மட்டும் வாயைத் திறந்தார். அதைச் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் சோறும் போயிற்று, அது இல்லாத வெறும் சோறு போகவில்லை. கடைக் கத்திரிக்காயைக் காட்டினால் மூடிக்கொண்டார். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் தேவராஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தோட்ட வீடியோ அனுப்பி, இதைப் போட்டுக் காட்டுங்க என்று கும்பிடு போட்டிருந்தார், அதற்கும் மூடிக்கொண்டார். செடியைக் காட்டிப் பறித்துக் கொடுத்துக் கொடுத்து ஒருநாள் டியூபையே எடுத்துவிட்டார்கள். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்ப்பவள், நாள் முழுக்கப் பிறர் வாயைப் பார்த்துப் பழகியவள். அவ்வளவு ஆசையோடு திறந்த ஒரு வாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செடி காய்க்கத் தொடங்கியதும் எங்கள் ஜனங்களுக்கு அது பொது இடம் என்பது திடீரென்று நினைவு வந்தது. முதலில் நடந்து போகிறவர்கள் போகிற போக்கில் இரண்டு வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டார்கள். பிறகு பையோடு வந்தார்கள், அவருக்குக் காட்டிப் பறிக்க நாலு காய் மிஞ்சினால் போதும் என்றாள் அக்கா. அப்புறம்தான் மீட்டிங் போட்டார்கள். பையோடு வந்தவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது, நான் பின்னால் தூணோரம் நின்றேன்.

"அக்கா, உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்குதுங்க. ஆனா பொது இடத்துல தனியாளு காய்கறி போடறதுன்னா, நாளைக்கு இன்னொருத்தரு மாடு கட்டுவாருங்க" என்றார் தேவராஜ். பம்பு செட் வியாபாரம் செய்கிறவர், மூன்றாவது மாடி, குரலை உயர்த்தாமலே ஆளைக் கவிழ்ப்பார்.

"எல்லாருமே போடட்டுமுங்க தம்பி. ஆளுக்கொரு பாத்தி பிரிச்சுக்கலாம், நானே நட்டுத் தாரேன். பறிச்சதையும் எல்லாரும் எடுத்துக்குங்க. செடி மட்டும் இருக்கட்டும்."

"ஃப்ளாட் பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்கக்கா? முன்னாடி அவ்வளவு பெரிய இரும்புக் கேட்டு, பின்னாடி வெண்டைக்காயா? மதிப்பு குறைஞ்சு போயிருமுங்க" என்றாள் முதல் மாடி அனுசுயா. அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் அப்போது அந்த வெண்டைக்காய்தான் இருந்தது. காலையில் அவள் பறித்ததை நான் பார்த்தேன்.

"என்ற வீட்டுக்காரரு அதைப் பாத்துத்தானுங்க வாயைத் தொறக்கறாரு."

"அதுக்குத்தானுங்க சொல்றோம், அழகாப் புல்லு வெச்சு லான் போட்டுத் தர்றோம். பச்சையா இருக்கும், அண்ணன் நாள் பூராப் பாக்கலாம்" என்றார் தேவராஜ். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பொது இடத்திலும் பால்கனியிலும் அலங்காரச் செடி மட்டும் வைக்கலாம், தின்பதற்குக் காய்க்கிற எதையும் வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. மறுநாளே ஆள் வந்து செடிகளைப் பிஞ்சோடு பிடுங்கிச் சுவரோரம் குவித்தான். சாயங்காலம் அந்தக் குவியலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நின்று பிஞ்சு பொறுக்கினார்கள்.

புல்லைப் பார்த்து ரங்கசாமியண்ணன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி டியூப் ஏறியது. அக்கா ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அந்தப் பின்பக்கத்து மண்ணையே அள்ளிப் போட்டு, கைவசம் இருந்த ஒரு புடலை விதையை ஊன்றி, காய்கிற துணிகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். கொடி கம்பியைப் பிடித்து ஏறியது, பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன, ஒரே ஒரு பிஞ்சு நின்றது. புடலம் பிஞ்சுக்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் நேராக வளராமல் சுருண்டுகொள்ளும். இது காய்கறிக் கூடையைத் தூக்கிய எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா கட்டிய கல் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை எடுக்கும்போது நான் கூட இருந்தேன். கழிவுநீர்த் தொட்டி மூடி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கல் அது. லான் போட்டவன் புது சிமென்ட் பூசிவிட்டு அதைத் தூக்கி எறிந்திருந்தான். வழவழவென்று கைக்கு அடக்கமாக இருந்ததால் அவள் கழுவி எடுத்துப் போனாள்.

அந்தக் கல்லின் கனமோ, அந்த மண்ணில் எங்கள் எல்லாருடைய நகமும் முடியும் ஊறிக் கிடந்ததோ, காய் இறங்கத் தொடங்கியது. பச்சையில் வெள்ளை வரி ஓட, தொடை கனத்தில், மாடி மாடியாக இறங்கியது. மேலே அக்கா அவர் பார்க்க ஒரு சாண் வெட்டினாள். அவர் வாயைத் திறந்தார். வெட்டின இடத்துக்குக் கீழே இருந்த காய் விழவில்லை. மேலே மிச்சமிருந்த பகுதி விடியும்போது வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும்வரை, தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல, அது பாட்டுக்குக் காற்றில் நின்றது. நான்காவது மாடிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், கத்தியை எடுத்து வந்து தங்கள் பால்கனிக்கு நேராக ஒரு முழம் அறுத்தார்கள். அதுவும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மாடி அறுத்தது. நானும் அறுத்தேன், பொய் சொல்ல மாட்டேன், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் புடலங்காய் வாடை தவிர வேறு வாடையே இல்லை. லிஃப்டில் அந்த வாடை, படிக்கட்டில் அந்த வாடை, ஆபீசுக்குப் போகிற டிபன் டப்பாக்களில் அந்த வாடை. கூட்டு, பொரியல், பஜ்ஜி, துவையல், மிஞ்சியதை வெயிலில் காயவைத்து வற்றல். காய்க்கும் செடி கூடாது என்று கையைத் தூக்கியவர்கள் அதே கையால் அறுத்தார்கள். ஏ பிளாக்கிலிருந்து ஆள் வந்தது. உங்கள் பால்கனிக்கு வெளியே ஓரடி தள்ளித் தொங்குகிறது, அது ஆகாயம், ஆகாயம் பொது, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. தேவராஜ் தன் பால்கனிக்கு நேரான பகுதி தன் சதுர அடியில் சேரும் என்றார். நடுப்பகுதி சதைப்பற்று, அது மூன்றாவது மாடிக்குப் போகிறது, எங்களுக்கு வெறும் நுனி, நுனி கசக்கிறது என்று அனுசுயா சண்டைக்கு வந்தாள். காலையில் பல் விளக்காத வாயோடு கத்தியும் கையுமாக ஒவ்வொரு பால்கனியிலும் ஒருவர் நின்று, மேலே இருப்பவன் எவ்வளவு அறுக்கிறான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால், மனுசப் பிறவி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. வாளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒருத்திக்கு அதில் என்ன பங்கு என்று மட்டும் யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. தினம் ஒரு சாண் அவருக்கு முன்னால் வெட்ட முடிந்தது, அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

இந்தச் சண்டை கைகலப்பில் போய் நிற்கும் என்று நான் நினைத்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கல் தரையைத் தொட்டது. புல்லில் குனிந்து அதை முதலில் பார்த்தவள் அனுசுயா. மேலே பார்த்தாள், ஐந்து மாடிக்கு வரி வரியாக நெளிந்து நிற்கிற உடம்பு. கீழே பார்த்தாள், உருண்டையான தலை. உள்ளே ஓடிப் போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்து கல்லில் அப்பி, "நாகாத்தா! நம்ம பிளாக்குக்கு நாகாத்தா வந்துட்டா!" என்று உடம்பை முறுக்கிக் கத்தினாள். பக்தி வந்ததா, நுனிப் பங்கு கசந்ததா என்பது அவளுக்கும் அந்த நாகாத்தாளுக்கும்தான் தெரியும். மத்தியானத்துக்குள் கல்லுக்குப் பாவாடை கட்டினார்கள், சாயங்காலத்துக்குள் சூடம் ஏற்றினார்கள், இனி யாரும் காயில் கத்தி வைக்கக் கூடாது என்று தேவராஜ் குரூப்பில் அறிவித்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அடுத்தவனுக்கும் கிடைக்காது என்றால் எங்கள் ஆட்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்க முடியும்.

தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு ஒரு கூட்டம் ஐந்தாவது மாடிக்கு ஏறியது. நானும் கூடவே ஏறினேன்.

"அக்கா, உங்க வீட்டுல இருந்துதான் ஆத்தா இறங்கியிருக்கறா. நீங்க புண்ணியம் பண்ணினவங்க" என்றார் தேவராஜ். "ஒரு மண்டலம் பூசை வெச்சிருக்கறோம். அதுவரைக்கும் கத்தி படக் கூடாதுங்க."

"அவரு என்னத்தைத் திங்கறதுங்க தம்பி?"

"ஆத்தாகிட்ட வேண்டிக்குங்க. அவ பாத்துக்குவா" என்றாள் அனுசுயா.

"நான் வெட்டினா?"

தேவராஜ் சிரித்துக்கொண்டே வாளியைப் பார்த்தார். "பால்கனியில காய்க்கற செடி வெக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களே. ஆத்தா இருக்கறதாலதான் நாங்க கண்டுக்கலை. நீங்க கத்தி வெச்சீங்கன்னா வாளியை எடுக்கச் சொல்ல வேண்டி வரும்." ஒரு வாழைப்பழத்தை அவர் ரங்கசாமியண்ணன் மடியில் வைத்தார். அண்ணன் அவரையும் பழத்தையும் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டார்.

வாளி போய்விட்டால் எல்லாமே போய்விடும் என்று அக்கா பயந்தாள், கத்தியை உள்ளே வைத்தாள், ஒரு மண்டலம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கீழே தினமும் அபிஷேகம் நடந்தது. பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் கல்லில் வழிந்து புல்லில் இறங்கி, புல் வெந்து கறுத்து, புளித்த நாற்றத்தில் ஈ அப்பி, பெருச்சாளி வளை தோண்டி, பழைய நாப்கின் காலமே தேவலாம் என்று தோன்றியது. கழிவுநீர்த் தொட்டிக் கல்லில் வழிந்த பாலை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் நான் அனுசுயாவிடம் அந்தக் கல் எங்கே இருந்தது என்று போட்டு உடைத்தேன். அவள் முகம் ஒரு கணம் கோணியது. பிறகு, "ஆத்தா எங்க வேணாலும் இருப்பா அம்மணி. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அது புரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி கையை நீட்டித் தீர்த்தம் வாங்கினாள்.

மேலே ரங்கசாமியண்ணன் கண்ணெதிரே காய் தொங்கியது. முதல் நாட்களில் அதைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். உதடு காய்ந்து வெடித்தது, அக்கா தண்ணீர் தொட்டு வைத்தாள். கத்தி வரவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். டியூப் மறுபடி ஏறியது, அது உள்ளே புண்ணாகிச் சளியும் ரத்தமுமாக வந்தது, அடுத்த முறை போட முடியாது, வயிற்றில் ஓட்டை போட வேண்டி வரும், அதை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலப் பூசை நேரத்தில் துளசிமணியக்கா கீழே இறங்கி வந்தாள். முந்தானையைச் செருகியிருந்தாள். கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது.

"ஒரு சாண் மட்டும் குடுங்க. எல்லாரு முன்னாடியும் கேக்கறேன்."

மணியை நிறுத்திவிட்டுத் தேவராஜ் சொன்னார், "மண்டலம் முடிஞ்சதும் பிரசாதமா முதப் பங்கு உங்களுக்குத்தானுங்கக்கா."

"அதுக்குள்ள அவரு போயிருவாரு."

"அப்படியெல்லாம் ஆத்தா முன்னாடி அபசகுனமாப் பேசாதீங்க" என்றாள் அனுசுயா.

அக்கா குனிந்தாள், மாலைகளை விலக்கினாள், எல்லாரும் காயைத்தான் வெட்டப்போகிறாள் என்று கூச்சல் போட, அவள் கத்தியை நூலில் வைத்துக் கல்லை அறுத்துவிட்டாள். கனம் போனதும் புடலங்காய் ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு நுனியிலிருந்து சுருளத் தொடங்கியது, முதல் மாடிக்கு ஏறியது, இரண்டாவது மாடிக்கு ஏறியது, மாலையும் எலுமிச்சம்பழமும் உதிர உதிர மேலே போய்க்கொண்டே இருந்தது. சாமி போகிறது என்று அழுதவர்கள் யாரும் இல்லை. காய் போகிறது என்றுதான் ஓடினார்கள். பூசைக்கு நின்ற கூட்டம் படியேறி, அவரவர் அடுக்களையிலிருந்து கத்தியை எடுத்து, பால்கனியில் எட்டித் தொங்கி, கைக்கு எட்டியதை அறுக்கப் பார்த்தது. தேவராஜ் கம்பிமேல் பாதி உடம்பை வெளியே போட்டு, அதைக் கட்டிப் பிடித்துக் கடித்தே விட்டார். நானும் அவர்களோடு ஏறி என் பால்கனியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன், அவர் வாயோரம் பச்சைச் சாறு வழிந்தது. யாருக்கும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. காய் ஐந்தாவது மாடிக்குப் போய், கிணற்றுக் கயிறு மாதிரி சுற்றுச் சுற்றாக ரங்கசாமியண்ணன் காலடியில் அடுக்கிக்கொண்டது.

அவர் சாப்பிட்டார். அந்தக் காய் இருந்தவரைக்கும் நன்றாகவே சாப்பிட்டார், கன்னத்தில் சதைகூட விழுந்தது. ஆனால் கல் போனபிறகு அது எல்லாப் புடலங்காயையும் போலத்தான் இருந்தது, வெட்டின இடம் ஒட்டவில்லை, மிச்சம் நாளுக்கு நாள் முற்றிச் சிவந்து, வெடித்து, நாறியது. அக்கா விதையைப் பொறுக்கிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள்.

கீழே கல் அப்படியே இருந்தது. உடம்பு போனால் என்ன, தலை இருக்கிறதே என்று கோயில் கட்ட மீட்டிங் போட்டார்கள். பொது இடத்தில் கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள் என்று நான் தூணோரம் நின்று காத்திருந்தேன். கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. கோயிலுக்கு மேலே வாளித் தண்ணீர் சொட்டினால் ஆத்தாளுக்குத் தீட்டு என்று ஐந்தாவது மாடி வாளியை எடுக்கவும் அதே கைகள் உயர்ந்தன.

அக்கா எழுந்தாள். "வாளியை எடுத்துக்கறேனுங்க. கோயிலு கட்டி மிச்சமிருக்கற எடத்துல ஒரு முழம் குடுங்க. ஒரே ஒரு கொடி. சண்டை வேண்டாம், உங்ககிட்டப் பிச்சையாவே கேக்கறேன்."

யார் வீட்டு மலத்தையோ அள்ளிச் சுத்தம் செய்து கொடுத்தவள், தனக்கும் பங்கு இருக்கிற மண்ணைப் பிச்சை கேட்கிறாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் எவ்வளவு பெருந்தன்மை!

"காய்கறி வேண்டாங்கக்கா, சன்னதிகிட்ட நல்லா இருக்காது" என்றாள் அனுசுயா. அவள் குரலில் நிஜமாகவே கனிவு இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. "ஆனா அண்ணன் செடியைப் பாத்துத்தான் சாப்பிடறாருன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. நாங்க என்ன கல் மனசா? கோயிலைச் சுத்தி நாங்களே செடி வெக்கறோம். நல்லாப் பூக்கறதா, ஆத்தாளுக்கும் ஆகறதா வெக்கறோம். அண்ணன் மேல இருந்து பாத்துக்கிட்டே சாப்பிடட்டும்."

வைத்தார்கள். சுற்றிலும் செவ்வரளி வைத்தார்கள். ஆடு மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற செடி, இலையிலிருந்து வேர்வரைக்கும் விஷம், ஆனால் அலங்காரச் செடி. ரூலில் இடம் இருந்தது. பாலும் பஞ்சாமிர்தமும் ஊறிய மண்ணல்லவா, தளதளவென்று வளர்ந்தது.

அக்கா விதைத் துணியை முடிந்து வைத்துக்கொண்டு வேறு வீடு பார்த்தாள். பின்னால் மண் இருக்கிற வீடு, சோமையம்பாளையம் பக்கம் ஒன்று அமையும் போல இருந்தது. அதுவரை ஓட்ட வேண்டுமே என்று மறுபடி போட முடியாது என்று கழற்றாமலே விட்டிருந்த டியூபில் கஞ்சி ஊற்றினாள், ஸ்பூனை உதட்டில் வைத்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய் தொறங்க, என்ற சாமியல்ல" என்று குழந்தையிடம் போலக் கெஞ்சினாள். இட்லி கொடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். அவர் திறக்கவே இல்லை.

ஒரு காலையில் நான் அங்கே இருந்தேன். அக்கா அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் பால்கனிக் கம்பியோரம் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அரளி முதல் பூ பூத்திருந்தது, கொத்துக் கொத்தாக, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அனுசுயா கூடையோடு வந்தாள், ஒரு கொத்தைப் பறித்தாள், நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அக்கோவ்! ஓடி வாங்க! அண்ணன் வாயைத் தொறந்துட்டாருங்க!" என்று அவள் கத்தினாள். "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா!"

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். தேவராஜ் மூன்றாவது மாடியிலிருந்து அண்ணாந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கண் அந்தச் சிவப்புக் கொத்திலேயே இருந்தது, வாய் முழுதாகத் திறந்திருந்தது, நாக்கு லேசாக முன்னால் வந்திருந்தது.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். அவர் வாயைப் பார்த்துச் சிரித்தாள், அவர் கண் போன இடத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவர் பின்னால் போய் நின்று, தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையால் அந்த வாயை மூடினாள். அவர் திறக்கப் பார்த்தார். அவள் விடவில்லை, கையை எடுக்கவுமில்லை.